கலத்தைச் சாகவிடாத 22 எழுத்து

வைரஸ் தொற்றின கலம் தன்னைத்தானே அழிச்சுக்கொள்ளப் பார்க்கும். மனிசரில பரவலாத் தொற்றுற எப்ஸ்டீன்-பார் வைரஸ் அதைத் தடுக்குது. வைரஸ் ஒன்றில மைக்ரோ ஆர்.என்.ஏ (புரதம் உருவாகிறதை அடக்கிற குட்டி ஆர்.என்.ஏ) இருக்கெண்டு முதல்முதலாக் காட்டினதும் இதிலதான், 2004இல. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 22 நியூக்கிளியோடைட்டு, அதாவது 22 ஆர்.என்.ஏ எழுத்து. அதுகளில பார்ட்-5 எண்டது, கலத்தைச் சாகத் தூண்டுற பூமா புரதத்தின்ர தூது ஆர்.என்.ஏயில (புரதம் செய்யிற கட்டளையில) ஒட்டி, அந்தப் புரதத்தைக் குறைச்சுப்போடும். இதுக்கெண்டு வைரஸ் தன்ர புரதம் எதையும் உருவாக்காமலே காரியம் முடியுது. அதால நிர்ப்பீடனத்துக்குப் பிடிபடுறதும் குறைவு. எவ்வளவு நுட்பம் பாருங்கோ!

ஆய்வுகூடத்துக்குப் போற பிள்ளையள் கவனியுங்கோ. மைக்ரோ ஆர்.என்.ஏ தன்ர இலக்கைப் பிடிக்கிறதில முக்கியம் அதின்ர 2 முதல் 8 வரையான எழுத்துகள். அந்த எழுத்துகளை மாத்தி ஒப்பிட்டுப் பார்க்கிற கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாட்டி முடிவை நம்பாதேங்கோ.

கலம் சாகுதோ எண்டு பார்க்க, சாகிற கலத்தின்ர மேற்பரப்பில ஒட்டுற அனெக்சின் வி எண்ட புரதத்தைச் சாயத்தோட பாவிப்பினம்; அது ஒட்டக் கல்சியம் வேணும். தட்டில ஒட்டின கலங்களைக் கழட்டப் பாவிக்கிற ட்ரிப்சின் நொதியத்தோட வந்த ஈ.டி.டி.ஏ எண்ட இரசாயனம் மிஞ்சினா கல்சியத்தைப் பிடுங்கிப்போடும்; சாகிற கலமும் நல்லாயிருக்கிற மாதிரிக் காட்டும். இரண்டு தரம் வடிவாக் கழுவி, 2.5 மில்லிமோலர் கல்சியம் குளோரைட்டு உள்ள தாங்கற்கரைசலில 15 நிமிசம் இருட்டில வையுங்கோ. அறை வெப்பநிலை எண்டால் 20–25 பாகை, சித்திரை மாத யாழ்ப்பாண வெக்கை இல்லை; ஏசி போட்டிட்டுத் தொடங்குங்கோ. ஒரு மணித்தியாலத்துக்குள்ள, கலங்களை ஒவ்வொன்றாப் பார்த்து எண்ணுற மெசினில (ஃப்ளோ சைட்டோமீற்றர்) வாசியுங்கோ. பிந்தினால் உயிரோட இருந்ததுகளும் செத்த கணக்கில ஏறும்.