காய்ந்த வாய்க்காலில் ஒரு பிணம்: கோடை முகாம் நாவல் இதுவரை

சென்ற கார்த்திகையில் தொடங்கிய என் இளையோர் துப்பறியும் நாவல், இந்த ஆடியில் 19ஆம் அத்தியாயத்தை எட்டியிருக்கிறது. மொத்தம் 26 அத்தியாயங்கள் என்பது என் கணக்கு. திருப்பூரில் கணக்கெழுதிப் பிழைப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலை மட்டுமே சொந்த நேரம் என்பதாலும், அதற்கு முன்பு நான் எழுதியவை எல்லாம் ஜிஎஸ்டி நோட்டீசுக்கான பதில் கடிதங்கள்தாம் என்பதாலும், இந்த வேகமே எனக்குப் பெரிது. இடையில் 11 அத்தியாயங்களைக் கிழித்துப் போட நேர்ந்தது. ஏன் கிழித்தேன், கிழித்த பிறகு என்ன கிடைத்தது என்பதையே இங்கே முக்கியமாகப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

கதை கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், கீழ்பவானி வாய்க்கால் கரையோரத் தென்னந்தோப்பு ஒன்றில் நடக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் 30 பிள்ளைகள் மே மாதத்தில் பத்து நாள் முகாமுக்கு வருகிறார்கள். ஐந்தாம் நாள் விடிகாலையில் முகாமின் மேலாளர் இறந்து கிடக்கிறார். தாமரை என்ற பதினைந்து வயதுப் பெண் அதைத் துப்புத் துலக்குகிறாள். இறப்பவர் பெரியவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில் நான் ஆரம்பத்திலிருந்தே உறுதியாக இருந்தேன். பிள்ளைகள் படிக்கும் புத்தகத்தில் ஒரு பிள்ளையைக் கொன்றுவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் அதை ஒரு புதிர் போலப் பேச எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதல் மூன்று அத்தியாயங்களை எழுதி முடித்ததும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் அக்காள் மகளிடம் கொடுத்தேன். நம் பக்கத்தில் கோடை விடுமுறை என்றால் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுக்குப் போவது என்றுதான் பொருள். முகாம் என்பது நமக்குப் புதுப் பழக்கம். அதனால் நான் கூடாரம், தீ மூட்டிச் சுற்றி உட்காருதல், நடுச்சாமப் பேய்க்கதை என்று எங்கெங்கோ பார்த்ததை எல்லாம் அள்ளிக் கொட்டியிருந்தேன். அவள் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மாமா, இந்த முப்பது பேர்ல ஒருத்தருக்குக்கூட வீட்டுல பலகாரம் கட்டிக் குடுக்கலையா?"

கேள்வி சிறியதுதான், ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு கூடாரங்கள் போய்விட்டன. தகரக் கூரை போட்ட பழைய மஞ்சள் கிடங்கு ஒன்று பிள்ளைகள் படுக்கும் இடமாயிற்று. முறுக்கு டின்களும், கச்சாயப் பொட்டலங்களும், யார் டின்னை யார் திறந்தார்கள் என்ற சண்டையும் உள்ளே வந்தன. கைபேசிச் சிக்கலையும் அவளே தீர்த்து வைத்தாள். இக்காலத் துப்பறியும் கதைக்குப் பெரிய எதிரி கைபேசிதான் என்று நம்பி, கோபுரத்தை இடி தாக்கியதாக நான் ஒரு பக்கம் முழுக்க மழை பெய்ய வைத்திருந்தேன். முகாமில் முதல் நாளே எல்லாப் போனையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்றும், அதற்கு எதற்கு மழை என்றும் அவள் கேட்டபோது எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

இனி அந்த 11 அத்தியாயங்களின் கதை. முதல் வரைவில் மேலாளரின் உடல் இரவெல்லாம் கீழ்பவானி வாய்க்காலில் மிதந்து வந்து, காலையில் ஒரு மதகில் தட்டி நின்றது. நீரின் வேகத்தைக் கொண்டு அது எங்கே, எப்போது விழுந்தது என்று தாமரை கணக்குப் போடுவதாக இரண்டு அத்தியாயங்கள் எழுதியிருந்தேன். கணக்கு எனக்குக் கைவந்த தொழில் என்பதால் அந்தப் பகுதியில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. தை மாதம் பொங்கலுக்குப் போனபோது, அந்த வாய்க்கால் பாசனத்திலேயே எழுபது வயதைக் கண்ட பெரியப்பாவிடம் கதையைச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"ஏங்கண்ணு, மே மாசத்துல நம்ம வாய்க்கால்ல ஏது தண்ணி? ஆடு மேயற எடத்துல பொணம் எப்படி மெதக்கும்?"

பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிக்கப்பட்டது. அதிலிருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி, 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. அத்தனைக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் கொடுக்க இயலாது என்பதால் மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்திருக்கிறார்கள். வழக்கமாக ஆகஸ்ட் 15 வாக்கில் திறந்து டிசம்பர் வரை ஒரு பாதிக்கு நஞ்சைக்குத் தண்ணீர் விடுவார்கள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை மற்றப் பாதிக்குப் புஞ்சைப் பயிருக்கு, இடைவெளி விட்டு இத்தனை நனைப்பு, அதாவது இத்தனை தடவை தண்ணீர், என்று எண்ணி விடுவார்கள். ஏப்ரல் கடைசியில் அடைத்துவிட்டால் பிறகு ஆடிக் கடைசி வரை வாய்க்கால் வெறும் மண்தான். நான் பெரியப்பா ஊருக்குப் போனதெல்லாம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்பதால், என் நினைவில் அந்த வாய்க்கால் ஒருநாளும் வற்றியதே இல்லை.

இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது, அதையும் பெரியப்பாதான் எடுத்துக் கொடுத்தார். அதே கோபி வட்டாரத்தில் கொடிவேரி அணைக்கட்டிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பழைய பாசனத்தைச் சேர்ந்தவை. அவற்றில் கோடையிலும் முதல்போக நெல்லுக்குத் தண்ணீர் விடுவதுண்டு. ஆகவே மே மாதத்தில் கோபிக்குள் நுழையும் வெளியூர்க்காரர் ஒருவர் வழியில் நிறைந்தோடும் வாய்க்காலைப் பார்த்துவிட்டு, சற்றுத் தள்ளியுள்ள மற்றொரு வாய்க்காலும் அப்படித்தான் ஓடும் என்று எண்ணிக்கொள்வதில் வியப்பொன்றும் இல்லை. பேருந்தில் திருப்பூர் திரும்பும்போது இதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தேன். பெருந்துறை தாண்டும்போது என் பிழையை அப்படியே தூக்கிக் கொலையாளியிடம் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

இப்போதைய வரைவில் மேலாளர் தோப்பின் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கடிக்கப்படுகிறார். வாய்க்கால் தண்ணீர் உடலை அடித்துக்கொண்டு போய்விடும் என்று நம்பி, கொலையாளி இருட்டில் அதைப் பாலத்தின் மேலிருந்து தள்ளிவிடுகிறார். கீழே கேட்பது நீர் தெறிக்கும் ஓசையன்று, மண்ணில் பொத்தென்று விழும் ஓசை. கரை செங்குத்தாக இருப்பதால் மறுபடி இறங்கித் தூக்கி வர வழியில்லை. விடிந்து பார்த்தால், ஈரச் சட்டையோடு ஒரு மனிதர் காய்ந்த வாய்க்காலில் கிடக்கிறார். நாவலின் முதல் வரியே இப்போது அதுதான்.

ஆனால் இரவில் கிடந்த ஈரத்துணி விடியும்வரை ஈரமாக இருக்குமா என்ற ஐயம் எனக்கு எழுந்தது. மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை பெரியப்பா வீட்டுக்குப் போய், பழைய சட்டை ஒன்றிலும் பேண்ட் ஒன்றிலும் வைக்கோலைத் திணித்துத் தைத்து, தொட்டியில் முக்கி எடுத்து, இரவு 11 மணிக்கு வாய்க்காலுக்குள் கொண்டுபோய்க் கிடத்தினேன். காலை 6 மணிக்குப் போய்ப் பார்த்தபோது மேற்புறத் துணி ஏறக்குறையக் காய்ந்து விறைப்பாக இருந்தது. ஆனால் காலர் மடிப்பிலும், சட்டைப்பையின் தையலோரத்திலும், பேண்ட்டின் இடுப்புப் பட்டியிலும் ஈரம் நின்றது. கீழ்ப்புறம் முழுவதும் நனைந்து சேறு அப்பியிருந்தது. பொம்மையைப் புரட்டியபோது மண்ணில் ஓர் ஆளின் வடிவத்தில் கருத்த ஈரத் தடமும், அதைச் சுற்றி வெளுத்த புழுதியும் தெரிந்தன. அந்தத் தடத்தைக் கண்ட மாத்திரத்தில், தாமரைக்கு வேறு எந்தச் சான்றும் தேவையில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பாட்டி ஒருவர் கரைமேல் நின்று, சோளக்காட்டுப் பொம்மையை வாய்க்காலுக்குள் படுக்க வைத்திருக்கிறீர்களே என்று கேட்டார். நான் சொன்ன பதில் அவருக்கு விளங்கியிருக்காது, எனக்கே விளங்கவில்லை.

இந்தச் சோதனையில் எதிர்பாராமல் மற்றொன்றும் கிடைத்தது. அன்றிரவு கயிற்றுக் கட்டிலில் தோப்பில் படுத்திருந்தபோது, கோடை மழைக்கு முன்னால் வரும் காற்று நள்ளிரவில் கிளம்பியது. தென்னை ஓலைகள் ஒன்றோடொன்று உரசும்போது எழுந்த சலசலப்பு, கண்ணை மூடிக் கேட்டால் அச்சாகத் தண்ணீர் ஓடும் சத்தமாகவே இருந்தது. வாய்க்கால் வறண்டு கிடக்கிறது என்று தெரிந்திருந்தும், அரைத் தூக்கத்தில் ஒரு கணம் எழுந்து உட்கார்ந்தேன். கொலையாளி ஏமாந்ததற்கு இதைவிட நல்ல காரணத்தை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. அதோடு, விசாரணையில் ராத்திரி வாய்க்கால் சத்தம் கேட்டதாகச் சொல்லும் ஆள் ஒருவரும் கிடைத்தார். அவர் பொய் சொல்கிறாரா, ஓலைச் சத்தத்தைக் கேட்டு ஏமாந்தாரா என்பது 14ஆம் அத்தியாயத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

அக்காள் மகள் இங்கேயும் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தாள். மழைக்காற்று அடித்தது என்றால் மழையும் பெய்திருக்கலாம், மழை பெய்திருந்தால் சட்டை நனைந்ததில் என்ன அதிசயம் என்று அவள் கேட்டாள். அதனால் அன்றிரவு காற்று மட்டும் அடித்து, மழை தூறாமலே போனதாக மாற்றினேன். சுற்றியிருந்த புழுதியே அதற்குச் சாட்சி.

இவற்றையெல்லாம்விட எனக்கு அதிக நாள் பிடித்தது வேறொரு கேள்வி. வாய்க்கால் மே மாதத்தில் வறண்டிருக்கும் என்பது கோபிப் பக்கத்துப் பிள்ளைக்குச் சோற்றுக்கு உப்பு வேண்டும் என்பது போல இயல்பான அறிவு. சென்னையில் இருந்து படிக்கும் பிள்ளைக்கு அது தெரிய நியாயமில்லை. வாசகருக்குக் கொடுக்காத ஒன்றைக் கொண்டு கடைசியில் முடிச்சை அவிழ்ப்பது ஏமாற்று வேலை. ஆனால் முதலிலேயே வாய்க்காலில் தண்ணீர் இல்லை என்று ஒரு பெரியவர் வாயால் சொல்ல வைத்தால், கெட்டிக்காரப் பிள்ளைகள் அந்த வரியிலேயே கோடு போட்டுவிடுவார்கள். மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்தேன். கடைசியில் இரண்டாம் அத்தியாயத்தில் பிள்ளைகளை வாய்க்காலுக்குள் இறக்கிக் கிரிக்கெட் ஆட விட்டேன். இரு கரையும் இரு எல்லை, கரையேறினால் சிக்சர், பாலத்தடியில் பந்து போனால் எடுக்கப் போகிறவர் அவுட். பந்துக்காக நடக்கும் சண்டையில் வாசகர் மூழ்கிவிடுவதால், காலுக்கடியில் இருப்பது வறண்ட வாய்க்கால் என்பது கண்ணெதிரே இருந்தும் துப்பாகத் தெரிவதில்லை. அக்காள் மகள் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினாள். துப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அந்த ஆட்டத்தன்று முகாமில் இல்லாதவர்கள் யார் யார் என்ற பட்டியலையும் அதே அத்தியாயத்தில் வேறொரு சாக்கில் வைத்திருக்கிறேன். இதற்குமேல் சொன்னால் புத்தகத்தை யாரும் வாங்க மாட்டார்கள்.

திசைதிருப்பும் தடயமாக மஞ்சளைப் பயன்படுத்தியிருக்கிறேன். சமையல்காரரின் துண்டில் செந்நிறக் கறை இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் ரத்தம் என்று அலறுகிறார்கள். மஞ்சள் கறையின் மேல் துணிசோப்புப் பட்டால் அது சிவக்கும், எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். இதையும் வீட்டில் செய்து பார்த்தேன். என் கைத்துண்டு ஒன்று பாழானதும், வீட்டில் அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டதும் தனிக்கதை.

காவல்துறை தொடர்பான பகுதிகளுக்குச் சட்டப்புத்தகத்தைத்தான் நம்பினேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் சந்தேக மரணத்துக்கான விசாரணை 194ஆம் பிரிவில் வருகிறது. பழைய பழக்கத்தில் 174 என்று எழுதியிருந்ததை எல்லாம் திருத்தினேன். சாட்சிகளை அழைப்பது பற்றிய 179ஆம் பிரிவு எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. பெண்களையும் 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தைவிட்டு வேறிடத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று அது சொல்கிறது. ஆகவே ஆய்வாளர் தாமரையை நிலையத்துக்கு அழைக்காமல் அவரே தோப்புக்கு வருகிறார், விசாரணை முழுவதும் கிடங்கின் திண்ணையிலேயே நடக்கிறது, கதை முகாமைவிட்டு வெளியே போக வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. மூழ்கி இறந்தவரின் எலும்பு மச்சையில் டயாட்டம் என்னும் நுண்பாசியைத் தேடும் சோதனையையும் படித்து வைத்திருந்தேன். ஆனால் அதன் முடிவு பிள்ளைகளின் கைக்கு வர வழியில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

மீதமுள்ள ஏழு அத்தியாயங்களில் ஆறுக்கு வழி தெரிகிறது. கடைசி ஒன்றில்தான் இடிக்கிறது. பாலத்திலிருந்து தள்ளும்போது கொலையாளியின் பொருள் ஒன்று வாய்க்கால் மண்ணில் புதைந்துபோய்விட்டது. தண்ணீர் திறப்பதற்குள் அதை எடுத்தாக வேண்டும். திறப்பதோ ஆகஸ்டு 15. முகாம் மே மாதத்திலேயே முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்களே, பள்ளி நாளில் எப்படி வருவார்கள் என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, "மாமா, ஆகஸ்டு பதினஞ்சு லீவுதானுங்க" என்றாள் அக்காள் மகள். ஆனாலும் கொடியேற்றி, மிட்டாய் வாங்கிக்கொண்டு, ஈரோட்டில் பஸ் ஏறித் தோப்புக்கு வந்து சேர எப்படியும் பதினொரு மணி ஆகிவிடும். அணையில் திறந்த தண்ணீர் அந்தப் பாலத்துக்கு வந்து சேர எத்தனை நேரமாகும் என்று பெரியப்பாவிடம் கேட்டேன். இந்த முறை திறக்கும்போது பாலத்தின்மேல் கடிகாரத்தோடு நின்று பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.