அட்டை இருந்தது, பெயர் இல்லை

2019 ஏப்ரல் 18. மதுரையில் அன்றைக்குத் தேரோட்டம். அதனால் மதுரைத் தொகுதியில் மட்டும் இரவு 8 மணி வரை ஓட்டுப் போடலாம் என்று அறிவித்திருந்தார்கள். காலையில் தேர் பார்த்துவிட்டு, வெயில் தாழ அரப்பாளையத்தில் இருந்த எங்கள் பழைய ஓட்டுச்சாவடிக்குப் போனோம். உள்ளே இருந்தவர் பட்டியலில் விரலை ஓட்டினார். மறுபடியும் மேலிருந்து கீழே ஓட்டினார். "உங்க பேர் இல்லையேம்மா" என்றார்.

வாக்காளர் அட்டையை நீட்டினேன். "அட்டை நீங்க யாருன்னு காட்டத்தான். ஓட்டு லிஸ்ட்டுலதான் இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் வரிசையில் எல்லோரும் பார்க்க வெளியே நடந்து வந்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

விசாரித்தபோதுதான் புரிந்தது. நாங்கள் 2017-லேயே அந்த வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருநகருக்குக் குடிவந்துவிட்டோம். சரிபார்க்க வந்தவர்களிடம், "அவங்க வீடு மாறிட்டாங்க" என்று அங்கே புதிதாகக் குடியேறியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். என் பெயரை எடுத்துவிட்டார்கள். அதே முகவரியில் இருந்த என் கணவர் பெயர் அப்படியே இருந்தது. அவர் அன்றைக்கு ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் வந்தார். வீடு மாறியதும் நாங்களே தெரிவித்திருக்க வேண்டும், செய்யவில்லை. 2021 சட்டமன்றத் தேர்தல் கொரோனா பயத்திலும் கைக்குழந்தையிலும் போய்விட்டது.

2023 அக்டோபர் 27 அன்று வரைவுப் பட்டியல் வெளியானது. நவம்பர் சனி, ஞாயிறுகளில் ஓட்டுச்சாவடிப் பள்ளிகளிலேயே சிறப்பு முகாம் போட்டார்கள். இந்த முறை விடக்கூடாது என்று முதல் சனிக்கிழமையே போய்விட்டேன். வகுப்பறை பெஞ்சில் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு எங்கள் பகுதியின் பிஎல்ஓ, அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர் உட்கார்ந்திருந்தார். அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவர். கதையைக் கேட்டதும் ஒரே நிமிடத்தில் வழி சொல்லிவிட்டார். பட்டியலில் எங்கேயும் பெயர் இல்லாதவருக்குப் படிவம் 6. பழைய இடத்தில் பெயர் இருந்து, வீடு மட்டும் மாறியவருக்குப் படிவம் 8. எனவே எனக்கு 6, என் கணவருக்கு 8.

என் ஆதாரில் இன்னும் அரப்பாளையம் முகவரிதான் இருந்தது. திரும்பிப் போகச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். "பேங்க் பாஸ்புக்கில் புது அட்ரஸ் இருக்கா? அது போதும்" என்றார். இருந்தது. பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் நகல். அப்புறம் ஒரு பாஸ்போர்ட் அளவு போட்டோ. அவ்வளவுதான், ஒரு பைசா செலவில்லை.

கணவர் செல்போன் ஆப்பிலேயே விண்ணப்பித்தார். அதில் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். ஆங்கிலத்தில் பெயரை அடித்தால் தமிழில் அதுவே மாற்றிக்கொள்கிறது. பழனி என்பது 'பலனி' என்று வந்து நின்றது. அனுப்புவதற்கு முன் பார்த்ததால் திருத்த முடிந்தது. இல்லையென்றால் அதற்கு ஒரு படிவம் 8 தனியாக எழுத வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து அதே பிஎல்ஓ வீட்டுக்கு வந்தார். கதவு எண்ணைப் பார்த்தார், பக்கத்து வீட்டில் கேட்டார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அங்கன்வாடி வேலையும் பார்த்துவிட்டு, வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கும் இவர்களுக்கு ஒரு சொம்பு தண்ணீராவது கொடுங்கள்.

2024 ஜனவரி 22 அன்று இறுதிப் பட்டியல். அன்று இரவே தேர்தல் ஆணையத் தளத்தில் தேடினேன். என் பெயர், பாகம் எண், வரிசை எண், எல்லாம் இருந்தது. இருவர் பெயரும் ஒரே பாகத்தில். ஆனால் மக்களவைத் தொகுதி விருதுநகர் என்று இருந்தது. தப்பாகப் போட்டுவிட்டார்களோ என்று பதறினேன். தப்பில்லை. திருநகர் இருப்பது திருப்பரங்குன்றம் சட்டமன்றத் தொகுதியில், அது விருதுநகர் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. மதுரைக்காரிதான், ஆனால் என் எம்.பி. விருதுநகர் எம்.பி.

ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. அன்று மாலை கோயிலில் மீனாட்சி பட்டாபிஷேகம். காலை 7 மணிக்கு முன்பே வரிசையில் நின்றுவிட்டேன். பூத் சிலிப்போடு வாக்காளர் அட்டையும் எடுத்துப் போயிருந்தேன். சிலிப்பை மட்டும் காட்டினால் ஏற்க மாட்டார்கள். முதல் அலுவலர் வரிசை எண்ணையும் என் பெயரையும் சத்தமாக வாசித்தார். ஏஜென்ட்கள் தங்கள் பட்டியலில் கோடு போட்டுக்கொண்டார்கள். ஐந்து வருடத்துக்கு முன் இல்லை என்ற அதே பெயர். இடது ஆள்காட்டி விரலில் மை, பதிவேட்டில் கையெழுத்து, ஒரு சீட்டு. அந்தச் சீட்டைக் கொடுத்ததும் அடுத்தவர் இயந்திரத்தைத் திறந்துவிட்டார். நீலப் பொத்தானை அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் நான் போட்ட சின்னம் அச்சாகி 7 நொடி நின்றது. அது உள்ளே விழுந்து, 'பீப்' சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றேன்.

வெளியே உதவி மேசையில் பிஎல்ஓ உட்கார்ந்திருந்தார். அவர் எதிரே எங்கள் மாடிவீட்டு அக்கா, கையில் வாக்காளர் அட்டையோடு நின்றுகொண்டிருந்தார். வில்லாபுரத்திலிருந்து குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. பழைய இடத்திலும் பெயர் இல்லை, இங்கேயும் இல்லை. அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்குக் கூட்டி வந்து காபி போட்டுக் கொடுத்தேன். தேர்தல் முடிவு வந்த கையோடு, ஜூனில், அக்காவுக்குப் படிவம் 6 நானே எழுதிக் கொடுத்தேன்.