பாட்டு முந்தி, பயம் பிந்தி

நவம்பர் 3, 2024, ஞாயிறு. துரின்

காலையிலிருந்து மூடுபனி. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு மாடிகூடத் தெரியவில்லை. நேற்று இங்கே இறந்தோர் நினைவு நாள். வீட்டுக்கார அம்மாள் கை நிறையச் சாமந்தி வாங்கிக்கொண்டு கல்லறைக்குப் போய்வந்தார். இத்தாலியில் சாமந்தி இறந்தவர்களுக்கான பூ. யார் வீட்டுக்கும் பரிசாக எடுத்துப்போகக் கூடாது. எங்கள் வீட்டில் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் சாமி படத்துக்குச் சாத்துவதும் அதே பூதான். படிக்கட்டில் அவர் என்னைக் கடந்தபோது வந்த வாசனை ஒரு நொடி என்னை ஊரில் கொண்டுபோய் நிறுத்தியது. அந்தப் பூ எங்கே போகிறது என்று நினைவு வந்ததும் உடம்பு சிலிர்த்தது.

இத்தாலியப் பழைய பேய்ப்படங்களைப் பற்றி எழுதவேண்டும் என்று நீண்ட நாளாக ஆசை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருந்தேன். படிக்கட்டில் அது தெரிந்துவிட்டது. கல்லூரி நாளில் பார்த்த ‘சுஸ்பிரியா’வின் கதையை இப்போது கேட்டால் கோர்வையாகச் சொல்லமாட்டேன். அதன் பாட்டை மட்டும் எந்த நேரம் எழுப்பிக் கேட்டாலும் முணுமுணுப்பேன். இந்தப் படங்கள் எல்லாவற்றிலும் கதை உதிர்ந்துவிடுகிறது, இசை நின்றுவிடுகிறது. ஏன்? இந்த மாதம் ஒவ்வொன்றாக மறுபடி பார்த்து, பார்த்த சூட்டோடு இங்கே எழுதப்போகிறேன்.

நவம்பர் 5, செவ்வாய்

‘சுஸ்பிரியா’, 1977. இயக்கம் டாரியோ அர்ஜெந்தோ. விளக்கை அணைத்து, ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

முதல் இரண்டு நிமிடத்தைப் பற்றி மட்டும் இன்றைக்கு எழுதுகிறேன். சூசி என்ற அமெரிக்கப் பெண் நடனம் கற்பதற்காக ஜெர்மனிக்கு வந்து இறங்குகிறாள். விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவை நோக்கி நடக்கிறாள். கதவு தானாகத் திறக்கிறது. வெளியே புயல் மழை, அதோடு அந்தப் பாட்டும் உள்ளே வருகிறது. கதவு மூடுகிறது, பாட்டு அறுந்துபோகிறது. விமான நிலையத்தின் சாதாரண அமைதி. மறுபடி திறக்கிறது, மறுபடி பாட்டு. அப்படியானால் இசை படத்தின் மேல் பூசப்பட்டதல்ல. அது அந்த ஊரில், கதவுக்கு வெளியே, மழையைப் போலப் பெய்துகொண்டிருக்கிறது. அவள் வெளியே காலை வைத்ததும் அதில் நனைகிறாள். இன்னும் ஒரு கொலையும் நடக்கவில்லை, ஒரு சூனியக்காரியும் வரவில்லை. எனக்கு அதற்குள் கை சில்லிட்டுவிட்டது.

அந்த மெட்டு எவ்வளவு இனிமையானது என்பதைத் தனியாகச் சொல்லவேண்டும். செலெஸ்டா என்ற சிறு மணி போன்ற ஒலி தரும் வாத்தியத்தில், குழந்தை விளையாட்டுப் பெட்டி பாடுவது போல ஓடுகிறது. அதன் அடியில் ஒரு குரல் ‘லா லா லா’ என்று மூச்சுக்காற்றாகக் கூடவே வருகிறது. பாடுவது, படத்துக்கு இசையமைத்த கோப்ளின் என்ற இத்தாலிய ராக் குழுவின் கிளாவ்தியோ சிமொனெத்தி. குரலை மட்டும் எடுத்துவிட்டால் குழந்தையைத் தூங்கவைக்கலாம்.

இசை ஓரளவு படப்பிடிப்புக்கு முன்பே தயாராகி, தளத்தில் சத்தமாக ஒலிக்கவிடப்பட்டது. அன்றைய இத்தாலியில் இது முடிந்த காரியம், ஏனென்றால் தளத்தில் பேசும் குரலைப் படத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கமே இல்லை. நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் பேசுவார்கள்; பிறகு டப்பிங் அறையில் எல்லாருக்கும் குரல் சேர்ப்பார்கள். டப்பிங் நமக்கும் பழக்கமானதுதான். ஆனால் குரல் பதிவாகாத அந்த வெற்றிடத்தில் இசையைக் கொண்டுவந்து நிரப்பி, நடிகை அதைக் கேட்டபடியே நடக்கட்டும் என்று விட்டது அர்ஜெந்தோவின் துணிச்சல். ஜெசிகா ஹார்ப்பர் அந்தக் கதவை நோக்கி நடப்பதை மறுபடி பாருங்கள். ஏதோ காதில் விழுந்தவளின் நடை அது.

நவம்பர் 6, புதன்

நேற்றைய பதிவில் விட்டுப்போன ஒன்று. ‘சுஸ்பிரியா’ இசைத்தட்டின் உறையில் வாத்தியக்காரர்கள் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸிமோ மொராந்தே கிட்டாரோடு புசூக்கி என்ற கிரேக்கத் தந்தி வாத்தியமும் வாசித்திருக்கிறார். பேஸ் கிட்டார் வாசித்த ஃபாபியோ பிஞ்யாதெல்லியின் பெயருக்கு நேரே, தபேலா.

அண்ணன் தஞ்சாவூரில் மெல்லிசைக் குழுவில் தபேலா வாசிக்கிறான். உடனே பாட்டை அனுப்பி, அவன் கேட்டு முடிக்கும்வரை காத்திருந்து கூப்பிட்டேன்.

“பேய்ப்படத்துப் பாட்டு என்று நீ முதலில் சொல்லியிருக்கக் கூடாது,” என்றான். “சொல்லாமல் விட்டிருந்தால் ஏதோ கோயில் வாசலில் கேட்பதாக நினைத்திருப்பேன்.”

“வாசிப்பு எப்படி இருக்கிறது, அண்ணா?”

“முறையாகக் கற்றவர் கை இல்லை. ஆனால் அவர் தாளத்துக்காக வாசிக்கவில்லை, குரலுக்காக வாசிக்கிறார். தோல் பேசவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. அது பேசுகிறது.”

இதைவிட நல்ல விமர்சனம் எனக்கு எழுத வராது. நான்கு இத்தாலிய இளைஞர்கள் செலெஸ்டா, புசூக்கி, தபேலா, மூக் மின்னிசைக் கருவி என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஒரே அறையில் சேர்த்தார்கள். எந்த ஊர் இசை என்று காதுக்கு அடையாளம் பிடிபடவில்லை. அடையாளம் தெரியாத ஒன்று வாசலில் நின்று இனிமையாகக் கூப்பிட்டால் பயம் வராமல் என்ன செய்யும்?

நவம்பர் 9, சனி

சனிக்கிழமைகளில் போர்த்தா பலாட்சோ பக்கம் பலோன் என்ற பழம்பொருள் சந்தை கூடும். உடைந்த சரவிளக்கு, செம்புப் பாத்திரம், யாரோ வீட்டுத் திருமணப் புகைப்படம் என்று தரையெங்கும் விரித்திருப்பார்கள். அங்கே ஒரு பெரியவரின் பெட்டியில் அர்ஜெந்தோவின் ‘ப்ரொஃபோந்தோ ரோஸ்ஸோ’ படத்தின் இசைத்தட்டு கிடைத்தது. 1975. உறையின் ஒரு மூலையை எலி கொறித்திருக்கிறது. தட்டில் கீறல் அதிகம்.

“நல்லதாக ஒன்று வேண்டுமா, மகளே?” என்று கேட்டார். இதுவே போதும் என்றேன். அவர் தலையசைத்து, “அந்த வருடம் இது எல்லா வீட்டிலும் ஒலித்தது. என் தங்கை இதை வைத்துவிட்டு அறையை விட்டு ஓடிவிடுவாள். பாட்டு முடியும்போது திரும்பி வந்து, மறுபடியும் வைப்பாள்,” என்றார்.

அந்தத் தட்டு இத்தாலிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. செய்தவர்கள் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன்கள். படத்துக்கு முதலில் இசையமைக்க வந்தவர் ஜோர்ஜோ காஸ்லினி, பெயர்பெற்ற ஜாஸ் கலைஞர். அவருக்கும் அர்ஜெந்தோவுக்கும் ஒத்துவரவில்லை, பாதியில் விலகினார். அந்த இடத்துக்கு வந்த கோப்ளின் போட்ட தலைப்பு இசையைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் காஸ்லினி விட்டுப்போன ஒரு தாலாட்டு படத்தில் தங்கிவிட்டது, இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்திலும் இருக்கிறது. என் மனதில் படத்தின் உயிரே அதுதான்.

தொடக்கத்தில் பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்ளின் இசை திடீரென்று நிற்கும். ஒரு கூடம், கிறிஸ்துமஸ் மரம், பாடிக்கொண்டிருக்கும் தாலாட்டு. சுவரில் இரண்டு நிழல்கள். ஒன்று மற்றொன்றைக் குத்துகிறது. அலறல். கத்தி தரையில் வந்து விழ, அதன் அருகே வெள்ளைக் காலுறையும் கறுப்புக் காலணியும் அணிந்த ஒரு குழந்தையின் கால்கள் வந்து நிற்கின்றன. தாலாட்டு நிற்கவில்லை. பிறகு படம் முழுக்க, கொலைகாரர் கொலைக்கு முன் அந்தத் தாலாட்டை ஒலிநாடாவில் போட்டுவிடுவார். கேட்டவுடன் நமக்குத் தெரிந்துவிடும். அந்த வீட்டில் தனியாக இருக்கும் ஆளுக்குத் தெரியாது.

நவம்பர் 10, ஞாயிறு

‘ப்ரொஃபோந்தோ ரோஸ்ஸோ’வின் கதை ரோமில் நடப்பதாகப் பெயர். வெளிக்காட்சிகளில் பல இந்த ஊரில் எடுத்தவை. மாலையில் பியாத்சா சி.எல்.என். சதுக்கத்துக்குப் போனேன். போ, தோரா என்ற இரண்டு ஆறுகளையும் ஆணும் பெண்ணுமாகச் செதுக்கி, இரண்டு நீர்த்தொட்டிகளுக்கு மேல் சாய்த்துப் படுக்கவைத்திருக்கிறார்கள். போ ஆறுதான் தாடிக்காரக் கிழவர். அவர் காலடியில்தான் பியானோக் கலைஞன் மார்க், குடித்துவிட்டுக் கிடக்கும் நண்பனோடு பேசிக்கொண்டிருப்பான்; அப்போது அலறல் கேட்கும். பின்னால் ஒளிரும் மதுக்கடை படத்துக்காகக் கட்டியது, எட்வர்ட் ஹாப்பரின் ‘நைட்ஹாக்ஸ்’ ஓவியத்தை அப்படியே எழுப்பியது போல. இப்போது அங்கே வெறும் தூண்களும் குளிரும் இருக்கின்றன. நீரூற்றின் சத்தத்தைத் தவிர எதுவும் இல்லை. காதில் எதையும் மாட்டாமல் கால் மணி நேரம் நின்றேன். பாட்டு தானாக வந்தது.

ஆற்றுக்கு அப்பால், மேட்டில், கோர்சோ ஜொவான்னி லான்ட்ஸாவில் இருக்கிறது வில்லா ஸ்கோத். 1902-இல் பியெத்ரோ ஃபெனோல்யோ கட்டிய மாளிகை. படத்தில் ‘அலறும் குழந்தையின் வீடு’. படமெடுத்த காலத்தில் அது கன்னிகாஸ்திரீகள் நடத்திய பெண்கள் விடுதி; மாணவிகளை விடுமுறைக்குக் கடற்கரை ஊரான ரிமினிக்கு அனுப்பிவிட்டுப் படம் எடுத்தார்கள். இன்று தனியார் வீடு, கம்பிக்கதவோடு திரும்பவேண்டியதுதான். மார்க் அந்த வீட்டுச் சுவரின் காரையைச் சுரண்டச் சுரண்ட, அடியிலிருந்து குழந்தை வரைந்த ஒரு படம் வெளியே வரும். கதவருகே நின்றபோது எனக்கு அந்தச் சுரண்டல் ஒலியும் நேற்றைய தட்டின் கீறல் ஒலியும் ஒன்றாகக் கேட்டன.

நவம்பர் 14, வியாழன்

இன்று மாரியோ பாவா. இவரில்லாமல் அர்ஜெந்தோ இல்லை. இவர் ஒளிப்பதிவாளர்; இவருடைய தந்தை சிற்பி, சினிமாத் தந்திரக்காட்சிகளும் செய்தவர். 1957-இல் வெளிவந்த ‘இ வம்பீரி’ படத்தை ரிக்கார்தோ ஃப்ரேதா பாதியில் விட்டுப்போக, பாவா முடித்துக்கொடுத்தார். அதில் ஓர் அழகிய பெண், வெட்டே இல்லாத ஒரே காட்சியில், நம் கண்முன்னே கிழவியாகிறாள்.

வித்தை இதுதான்: முகத்தில் சுருக்கங்களைச் சிவப்பு மையால் வரைந்துவிடுவார். சிவப்பு ஒளியில் அவை தெரியாது. ஒளியின் நிறத்தை மெல்ல மாற்றினால் ஒவ்வொன்றாகக் கறுத்து எழும். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ஒளியின் நிறம் மாறுவது நமக்குத் தெரியாது, முகம் மாறுவது மட்டும்தான் தெரியும்.

நம்பமுடியாமல் நானே செய்துபார்த்தேன். வெள்ளைத் தாளில் சிவப்புப் பென்சிலால் ஒரு முகம் வரைந்து, நெற்றியிலும் கண்ணோரத்திலும் கோடுகள் போட்டேன். அறையை இருட்டாக்கி, செல்பேசித் திரை முழுவதையும் சிவப்பாக்கித் தாளின் மேல் பிடித்தேன். வெறும் தாள். பச்சைக்கு மாற்றினேன். அவள் வந்துவிட்டாள், கறுப்பாக, எல்லாச் சுருக்கங்களோடும். நானே வரைந்த முகம்தான். இருந்தும் செல்பேசி கைதவறி விழுந்தது. எத்தனை முறை மாற்றிப் பார்த்தேன் என்று தெரியவில்லை.

சுருக்கம் வெளியிலிருந்து வரவில்லை, அந்த அழகிய முகத்திலேயே முதலிலிருந்து இருந்தது. சிமொனெத்தியின் செலெஸ்டாவும் இதையேதான் செய்கிறது.

‘சுஸ்பிரியா’வின் சிவப்பும் நீலமும் இந்தப் பாவாவின் பேரப்பிள்ளைகள். ஒளிப்பதிவாளர் லூச்சியானோ தோவொலி வண்ணத் துணிகளை விளக்குகளுக்கு முன்னே கட்டி, நடிகைகளின் முகத்துக்கு மிக அருகில் ஒளியைக் கொண்டுவந்தார். பிரதிகள் பழைய டெக்னிகலர் முறையில் போட்டவை. சிவகாசியில் காலண்டர் அச்சடிப்பதைப் போல ஒவ்வொரு சாயமாகப் படச்சுருளில் ஒற்றி எடுப்பது. அதனால்தான் அந்தச் சிவப்பு கையில் ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது.

நவம்பர் 17, ஞாயிறு

இன்று எழுதச் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்புகள் பொய்யாகும்.

‘கானிபல் ஹோலோகாஸ்ட்’, 1980. ரிட்ஸ் ஒர்தொலானியின் இசைக்காக எடுத்தேன். முதல் மெட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் மரத்தடியில் படுத்துக் கேட்கவேண்டியது போல அவ்வளவு சாந்தம். படத்திலோ உண்மையான விலங்குகளை உண்மையாகவே கொன்றிருக்கிறார்கள். பாதியில் நிறுத்திவிட்டேன். எந்த இசையும் அதை நியாயப்படுத்தாது. மறுபடி பார்க்கமாட்டேன். ஆனால் மெட்டு தலைக்குள் இருக்கிறது, அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

கத்திக்கு இரையாகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதும் என்னை உறுத்துகிறது. அர்ஜெந்தோ அந்தச் சாவுகளை அழகாக எடுக்கிறார், அளவுக்கு மீறி அழகாக. ‘சுஸ்பிரியா’வை நான் அதிகம் நேசிப்பதற்கு ஒரு காரணம், அதில் தப்பித்து மழைக்குள் நடந்து போகிறவளும் ஒரு பெண் என்பது.

நவம்பர் 20, புதன்

சிறு குறிப்பு. அர்ஜெந்தோவின் முதல் படமான ‘படிகச் சிறகுப் பறவை’க்கு (1970) இசை என்னியோ மோரிக்கோனே. அதிலும் சொல்லே இல்லாத ‘லா லா’, பாடியவர் எட்டா டெல்லோர்ஸோ. கோப்ளினுக்கு ஐந்து வருடம் முன்பே தாலாட்டு வந்துவிட்டது. லூச்சியோ ஃபுல்ச்சியின் படங்களுக்கு ஃபாபியோ ஃப்ரிட்ஸி போட்ட இசையும் கேட்டேன். ‘லால்திலா’வின் (1981) பியானோவும் கோரஸும் தேவாலயத்தில் கேட்கலாம் போல இருக்கின்றன. இன்று ஆய்வகத்தில் வேலை அதிகம், இவ்வளவுதான்.

நவம்பர் 24, ஞாயிறு

அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஒலிப்பதிவு. ‘சுஸ்பிரியா’ மெட்டை ஆர்மோனியத்தில் பிடித்து, பக்கத்து வீட்டுப் பையனை வாசிக்கவிட்டு, தான் தபேலா சேர்த்திருக்கிறான். வேகத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறான். பின்னால் மின்விசிறி, குக்கர் விசில், தெருவில் ஒரு ஸ்கூட்டர்.

இரண்டாவது சுற்றில் இன்னொரு குரல் கேட்டது. அம்மா. அடுக்களையிலிருந்து, எதையோ நறுக்கிக்கொண்டே, தன்னை அறியாமல் கூடவே முணுமுணுக்கிறாள். ‘லா லா’ அல்ல, ‘ஆராரோ’ என்று. சுருதி விலகாமல், என்னைத் தூங்கவைத்த அதே குரலில்.

பதிவின் கடைசியில் அம்மா கேட்கிறாள்: “நன்றாக இருக்கிறதே, யார் வீட்டுத் தாலாட்டு இது?” அண்ணன் பதில் சொல்வதற்குள் பதிவு முடிந்துவிடுகிறது.

இங்கே மணி பதினொன்று. மூன்று முறை கேட்டுவிட்டேன். நான்காம் முறைக்கு முன் எழுந்துபோய்க் கூடத்து விளக்கையும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.