டின்னவெல்லி என்று தேடியபோது

திருநெல்வேலிப் பக்கமிருந்து மும்பை தாராவிக்குத் தமிழ்க் குடும்பங்கள் ஊரைவிட்டு வந்த கதையைத்தான் ஆய்வுக்கு எடுப்பது என்று உறுதியாக இருந்தேன். நான் பிறந்து வளர்ந்ததே நைன்ட்டி ஃபீட் ரோடு பக்கம். ஆனால் நான் பதிவு செய்திருந்த கல்லூரியில் ஆய்விதழ்களுக்குச் சந்தா கிடையாது. கூகுளில் தாராவி என்று தட்டினால் சினிமாவும் மறுசீரமைப்புச் செய்திகளும் வந்து விழுந்தன. நல்ல கட்டுரை ஏதாவது கண்ணில் பட்டால் டாலரில் விலை கேட்டது. 3 மாதம் அப்படியே போனது.

முதலில் கைகொடுத்தது ஷோத்கங்கா. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் என்ற பல்கலைக்கழக நூலகங்களுக்கான மையம் நடத்தும் ஆய்வேட்டுக் களஞ்சியம் அது, காசு வேண்டாம். ஒவ்வோர் ஆய்வேடும் அத்தியாய வாரியாகத் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். நான் முதலில் திறப்பது கடைசிக் கோப்பைத்தான், அதாவது துணைநூற்பட்டியலை. எனக்கு முன்னால் ஒருவர் பல வருடம் அலைந்து சேர்த்தது அதில் இருக்கிறது. தமிழ் ஆய்வேடுகள் பல ஸ்கேன் செய்த படங்கள், அல்லது பழைய எழுத்துருவில் தட்டியவை. தமிழில் தேடினால் சிக்காது. தலைப்பை ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக எழுதிப் பார்க்க வேண்டும்.

எழுத்துக்கூட்டல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை மாதுங்காவில் இருக்கும் ஓய்வுபெற்ற நூலகர் மாமா ஒருவர்தான் புரியவைத்தார். "ஏம்மா, வெள்ளைக்காரன் திருநெல்வேலின்னா எழுதினான்? டின்னவெல்லின்னு போட்டுப் பாரு" என்றார். அன்று இரவு, பழைய நூல்களை இலவசமாகத் தரும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் அப்படியே தேடினேன். அதுவரை காட்டாத பழைய அரசு அறிக்கைகள் வரிசையாக வந்தன. 1909-10இல் வந்த பம்பாய் நகர கெசட்டியரின், அதாவது நகரத்தைப் பற்றிய அரசு விவர நூலின், மூன்று தொகுதிகளும் அங்கேயே கிடைக்கின்றன. தாராவி அதில் கோலி மீனவர்களின் பெரிய குடியிருப்புகளில் ஒன்றாக இருக்கிறது. நம் ஆட்கள் வந்து இறங்கிய இடத்தில் ஏற்கெனவே யார் இருந்தார்கள் என்பதை அங்கேதான் படித்தேன்.

கட்டுரைகளுக்கு ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்க் களஞ்சியத் தளத்தில் இலவசக் கணக்கு போதும், மாதம் 100 கட்டுரைகள் வரை திரையிலேயே படிக்கலாம். அன்பேவால் என்ற நீட்சியை பிரவுசரில் போட்டுக்கொண்டால், சட்டப்படி இலவசமாக ஒரு பிரதி எங்காவது இருந்தால் காட்டிவிடும். எதுவும் நடக்கவில்லையென்றால் ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். எனக்குப் பெரும்பாலானவர்கள் அனுப்பிவைத்தார்கள்.

அதிகம் உட்கார்ந்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகளில். 2011க்கான எக்செல் கோப்புகள் கணக்கெடுப்புத் தளத்திலேயே இருக்கின்றன. சி-16 தாய்மொழி அட்டவணை. டி வரிசை இடப்பெயர்வு. தாராவிக்கு மட்டும் தமிழர் எண்ணிக்கை எடுக்கலாம் என்று நினைத்தேன். முடியாது, தாய்மொழிக் கணக்கு வார்டு வரை இறங்குவதில்லை. சரி, இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்தால் எண்கள் ஏன் ஒத்துப்போகவில்லை? ஒரு வாரம் மண்டையைக் குடைந்தது. அப்புறம் என்னையே வைத்துப் பார்த்தேன். நான் இங்கேயே பிறந்தவள். சி-16இல் தமிழச்சியாக இருக்கிறேன், டி அட்டவணையில் இடம்பெயர்ந்தவர்கள் கணக்கில் நான் இல்லை. ஊரிலிருந்து வந்த அம்மா இரண்டிலும் இருக்கிறார்.

வீடுவீடாக மாதிரி எடுத்து மத்திய அரசு நடத்தும் தேசிய மாதிரி ஆய்வின் 64ஆம் சுற்று, 2007-08, இடப்பெயர்வையும் கேட்டது. குடும்ப வாரியான தரவை மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் மைக்ரோடேட்டா தளத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். திறந்தால் வெறும் எண்களாக வரும், பயப்பட வேண்டாம். எந்த இடத்தில் எந்த விடை என்று சொல்லும் லேஅவுட் கோப்பை முதலில் படியுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் டி-3 அட்டவணையில், இடம்பெயர்ந்து வந்த காரணத்துக்குத் தனி நெடுவரிசைகள் உண்டு: வேலை, தொழில், கல்வி, திருமணம் என்று. அம்மா 'திருமணம்' என்பதற்குக் கீழே வருவார். வந்த மறுவாரமே இட்லிக்கு மாவரைக்கத் தொடங்கியவர், விடிகாலை 3 மணிக்கு அடுப்பு பற்றவைத்து 28 வருடம் வியாபாரத்துக்கு இட்லி அவித்தவர். அந்த உழைப்பு எந்தக் கட்டத்திலும் இல்லை. என் கேள்வித்தாளில் 'ஏன் வந்தீர்கள்' என்பதற்குக் கீழே 'வந்து எத்தனை நாளில் வேலை தொடங்கினீர்கள்' என்று ஒரு கேள்வியைச் சேர்த்தேன். இதுவரை 43 பெண்களிடம் கேட்டிருக்கிறேன்.