ஜி7-க்குப் பக்கத்தில் 'ஆல்ட்' என்று போட்டிருந்தால்

ஜாஸ் பியானோ வாசித்துத்தான் பிழைக்கிறேன். சில நாள் ட்ரியோ, சில நாள் யாராவது பாடகருக்குப் பின்னால், அப்புறம் அவ்வப்போது யாரோ வரமுடியாமல் போன இடத்தில் கடைசி நேரத்தில் போய் உட்கார்வது. இப்படிப் போகும்போது கையில் ஒரு தாளைக் கொடுப்பார்கள், அதில் எங்கேயாவது ஓர் இடத்தில் ஜி7 என்று எழுதி ஒட்டினாற்போல் 'ஆல்ட்' ('ஆல்டர்ட்', அதாவது மாற்றியது என்பதன் சுருக்கம்) என்று போட்டிருக்கும். அந்தச் சொல் எதை மாற்ற வேண்டும், எத்தனை ஸ்வரத்தை மாற்ற வேண்டும் என்று எதையுமே சொல்வதில்லை, எழுதியவர் முழுப் பொறுப்பையும் வாசிப்பவர் தலையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அந்த இடத்தில் என்ன வாசிப்பது என்பதை மேடையில் எதை வைத்து முடிவு செய்கிறேன் என்று எழுதலாம் என்று தோன்றியது.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜி7 என்பது ஒரு கார்ட், அதாவது சேர்த்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு: ஜி, பி, டி, எஃப். இதில் பியும் எஃப்பும்தான் உயிர்நாடி, பி மேலே ஏறி சிக்குப் போகத் துடிக்கும், எஃப் கீழே இறங்கி ஈக்குப் போகத் துடிக்கும், அதனால்தான் இந்தக் கார்ட் கேட்டதும் அடுத்து சி மேஜர் வரப்போகிறது என்று காது எதிர்பார்க்கிறது. 'ஆல்டர்ட்' வாசிக்கும்போது இந்த இரண்டையும் தொடுவதில்லை. ஜியிலிருந்து எண்ணினால் வரும் ஐந்தாவது ஸ்வரத்தையும் (டி) ஒன்பதாவது ஸ்வரத்தையும் (ஏ) மட்டும் ஒரு செமிடோன், அதாவது பியானோவில் பக்கத்துக் கட்டைக்கு, கீழேயோ மேலேயோ நகர்த்துகிறோம்; கீழே என்றால் ஃப்ளாட், மேலே என்றால் ஷார்ப், ஆக ஃப்ளாட் நைன், ஷார்ப் நைன், ஃப்ளாட் ஃபைவ், ஷார்ப் ஃபைவ் என்று நான்கு கிடைக்கின்றன. ஷார்ப் ஃபைவை ஃப்ளாட் தர்ட்டீன் (பதின்மூன்றாவதான ஈயை இறக்கியது) என்றும் சொல்வோம். எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினால் ஜி, ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட், பி, டி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், எஃப். இதை ஏ ஃப்ளாட்டிலிருந்து பார்த்தால் ஏ ஃப்ளாட் மெலடிக் மைனர் என்ற ஸ்கேல் (ஸ்வர வரிசை). கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு இன்னும் சுலபமாகச் சொல்லலாம்: ஏ ஃப்ளாட்டை ஸட்ஜமாக வைத்த கௌரிமனோகரி, நிஷாதத்திலிருந்து தொடங்குகிறது. அப்படிக் கிரகபேதம் செய்தால் பஞ்சமம் இல்லாமல் போய்விடும், அதனால் அதற்கு மேளகர்த்தாவில் இடமில்லை. அதே கௌரிமனோகரியை மத்யமத்திலிருந்து எடுத்தால் வாசஸ்பதி வரும், இங்கே அது டி ஃப்ளாட்டிலிருந்து தொடங்கும். இந்த டி ஃப்ளாட் விஷயத்துக்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

ஸ்கேல் தெரிந்துகொள்வது இதில் சின்ன வேலை. யாராக இருந்தாலும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் ஏழு ஸ்வரமும் விரலுக்கு வந்துவிடும். இந்த ஸ்வரங்கள் எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்பது காதுக்குள் போக ரொம்ப நாள் பிடிக்கும். எனக்கு அதைப் புரியவைத்தது சோலோ வாசிக்கும் வலது கை இல்லை, பின்னால் கார்ட் பிடிக்கும் இடது கைதான்.

பியானோ பக்கத்தில் இருந்தால் இதை மெதுவாக வாசித்துப் பாருங்கள். ஜி7-க்கு முன்னால் வழக்கமாக வரும் டி மைனருக்கு இடது கையில் எஃப், ஏ, சி, ஈ. டி ஸ்வரமே இல்லை, அதைப் பேஸ் வாசிப்பவர் பார்த்துக்கொள்வார் (1950-களின் பிற்பகுதியில் பில் எவன்ஸ், வின்டன் கெல்லி போன்றவர்கள் இடது கையை இப்படி விடுவித்த பிறகு ஜாஸ் பியானோவின் ஒலியே மாறிவிட்டது). அடுத்து ஜி7 ஆல்டர்டுக்கு எஃப், ஏ ஃப்ளாட், பி, ஈ ஃப்ளாட். கடைசியில் சி மேஜருக்கு ஈ, ஜி, பி, டி. கை கிட்டத்தட்ட நகரவே இல்லை. இப்போது ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகக் கேளுங்கள்: ஏ, ஏ ஃப்ளாட், ஜி. ஈ, ஈ ஃப்ளாட், டி. சாதாரண ஜி9 (மாற்றாத ஒன்பதாவது சேர்த்த ஜி7) பிடித்திருந்தால் ஏ ஒரேயடியாக ஜிக்கும், ஈ ஒரேயடியாக டிக்கும் இறங்கியிருக்கும். நடுவில் ஒரு படி வைத்துக் கொடுப்பதுதான் ஏ ஃப்ளாட்டும் ஈ ஃப்ளாட்டும் செய்கிற வேலை. இந்த இரண்டு கோடுகளும் தனியாகக் காதில் விழ ஆரம்பித்த பிறகு 'ஃப்ளாட் நைன்', 'ஃப்ளாட் தர்ட்டீன்' என்று எண்களாக நினைப்பதையே நான் விட்டுவிட்டேன். கீழே இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு குரல் அந்த நிமிஷம் அந்த இடத்தைக் கடந்து போகிறது, அவ்வளவுதான்.

எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த கிட்டார் தம்பி ஒருவன் நன்றாக உழைக்கிறவன். பன்னிரண்டு கீயிலும் ஆல்டர்ட் ஸ்கேல் தண்ணீர்பட்ட பாடு. ஒத்திகையில் ஜி7 வந்ததும் ஜியிலிருந்து ஜி வரை ஏறி இறங்கினான், சி மேஜர் வந்ததும் வேறு எங்கேயோ புதிதாகத் தொடங்கினான். முடிந்ததும் கேட்டான்:

"அண்ணா, ஸ்கேல் சரியாத்தானே வாசிச்சேன்?"

"சரிதான் தம்பி. எங்க போய் இறங்கின?"

பதில் இல்லை. சரி என்று, அவனை முதலில் ஜி7-ல் எதுவுமே வாசிக்க விடவில்லை. சி மேஜர் வரும் முதல் அடியில் ஈ மட்டும் வாசிக்கச் சொன்னேன். அது நிலையாக விழ ஆரம்பித்த பிறகு அதற்கு முன்னால் ஒரு எஃப். அப்புறம் அதற்கும் முன்னால் ஏ ஃப்ளாட், அதற்கும் முன்னால் பி, அதற்கும் முன்னால் ஈ ஃப்ளாட். பின்னாலிருந்து முன்னாலாகக் கட்டினோம். இப்போது அவன் வாசிப்பது ஈ ஃப்ளாட், பி, ஏ ஃப்ளாட், எஃப், கடைசியில் ஈ. ஸ்கேல் முழுவதையும் ஓட்டியபோது கேட்காத ஒரு ஜாஸ் வாக்கியம் இந்த ஐந்து ஸ்வரத்தில் கேட்டது. அவன் முகத்தில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கவனித்திருப்பீர்கள், அந்த நான்கு ஸ்வரமும் என் இடது கையில் இருக்கும் அதே நான்குதான், ஏ ஃப்ளாட் மைனர் சிக்ஸ்த். ஜாஸ் பியானோ கலைஞர் பேரி ஹாரிஸ் (1929–2021) தன் வகுப்புகளில் இதைத்தான் விடாமல் சொல்லிக்கொடுத்தார்: ஜி7 மேல் ஏ ஃப்ளாட் மைனரை நினை. ஆல்டர்ட் ஸ்கேல் என்று பெரிய பெயர் வைத்துப் படிப்பதைவிட இந்த வழி சிறந்தது என்பது என் கருத்து, ஏனென்றால் மைனர் கார்ட் எல்லார் கையிலும் ஏற்கெனவே இருக்கிறது.

இனி பாடகர்கள். பின்னணி வாசிக்கும்போது ஆல்டர்ட் போடலாமா வேண்டாமா என்பதைப் பாட்டின் மெட்டுதான் சொல்ல வேண்டும். ஜி7 மேல் பாடகர் ஈயைப் பிடித்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழே என் கையில் ஈ ஃப்ளாட் இருந்தால் அவர் சுருதி விலகிப் பாடுவதுபோல் ஆகிவிடும், கேட்பவர்கள் குற்றம் சொல்வது அவரைத்தான், பியானோவை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அங்கே ஒரு விரலை மட்டும் மாற்றுகிறேன்: எஃப், ஏ ஃப்ளாட், பி, ஈ. ஃப்ளாட் நைன் அப்படியே இருக்கிறது, தர்ட்டீன் இயல்பானதாகிவிட்டது. இது டிமினிஷ்ட் ஸ்கேலின் ஒலி, கொஞ்சம் பளபளப்பு கூடுதல். அவர் ஏயில் நின்றால் ஃப்ளாட் நைனை விட்டுவிட்டு எஃப், ஏ, பி, ஈ ஃப்ளாட் பிடிக்கிறேன், இது பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் ஆசை ஆசையாக ஓட்டிய ஹோல் டோன் (முழுப் படிகளாகவே ஏறும் ஸ்கேல்) பக்கம் போகும். ஒரே பிடி, ஒரு விரல் வித்தியாசம், மூன்று விதமான நிறம். எதைப் போடுவது என்பது முன்கூட்டியே தெரியாது, அவர் எந்த ஸ்வரத்தில் நிற்கப் போகிறார் என்பதை மூச்செடுக்கும்போதே ஊகித்தாக வேண்டும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான்.

மைனரா மேஜரா என்பதும் முக்கியம். பாட்டு சி மைனரில் இருந்தால் ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட் மூன்றும் ஏற்கெனவே அந்த வீட்டுப் பிள்ளைகள், டி ஃப்ளாட் ஒன்றுதான் முழுக்க வெளியாள், அதனால் அங்கே தாராளமாக வாசிக்கலாம். சி மேஜரில் நான்குமே வெளியிலிருந்து வருகின்றன. அங்கே நான் பெரும்பாலும் ஜி7-ன் முதல் பாதியைச் சாதாரணமாக விட்டுவிட்டு கடைசி இரண்டு அடியில்தான் மாற்றுவேன், வந்த வேகத்தில் இறங்கிவிடும். மெதுவான பாட்டில் இரண்டு பார் (தாள அளவு) முழுக்க ஆல்டர்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் காது களைத்துப்போகும்.

கிட்டாரும் பியானோவும் ஒரே நேரத்தில் கார்ட் வாசிப்பது தனித் தலைவலி. ஒருவர் ஏயையும் இன்னொருவர் ஏ ஃப்ளாட்டையும் பிடித்தால் சேறுதான். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு, ஒருவர் நிறம் சேர்க்கும்போது மற்றவர் மூன்றாவதையும் ஏழாவதையும் (ஜி7-ல் பி, எஃப்) மட்டும் வைத்துக்கொள்வது, இல்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டு கேட்பது.

பேஸ் விஷயம் இதற்கு நேர் எதிர், அங்கே சுகமே வேறு. எங்களோடு டபுள் பேஸ் வாசிக்கும் அண்ணன் வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். நான் ஜி7 ஆல்டர்ட் பிடிக்கும்போது சில சமயம் அவர் ஜிக்குப் பதில் டி ஃப்ளாட்டுக்குப் போய்விடுவார். முதல் தடவை நான் கையை மாற்றப் போனபோது, "நீ மாத்தாதப்பா, அப்படியே வச்சிரு" என்றார். எஃப், ஏ ஃப்ளாட், பி, ஈ ஃப்ளாட்: இதற்குக் கீழே டி ஃப்ளாட் வந்தால் அது சுத்தமான டி ஃப்ளாட் நைன்த். ஜி7-ன் பியும் எஃப்பும் டி ஃப்ளாட் 7-லும் இருப்பதால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காரும், 1940-களில் சார்லி பார்க்கர், டிஸி கில்லஸ்பி, பட் பவல் என்ற ஜாஸ் கலைஞர்கள் எல்லாரும் சரளமாகப் புழங்கிய ட்ரைடோன் மாற்று இதுதான். வாசஸ்பதி டி ஃப்ளாட்டிலிருந்து வந்ததும் இதனால்தான். ஆக, நான் வாசிப்பது ஆல்டர்டா மாற்றுக் கார்டா என்பதை முடிவு செய்பவர் அண்ணன்தான், என் கை இருந்த இடத்திலேயே இருக்கிறது. டி, டி ஃப்ளாட், சி என்று அவர் இறங்கும்போது மேலே என் இரண்டு விரல்களும் அதே போல இறங்குகின்றன, மூன்று குரல் சேர்ந்து படியிறங்குவதை உள்ளே உட்கார்ந்து கேட்பது ஒரு பாக்கியம்.

ப்ளூஸில் (பொதுவாகப் பன்னிரண்டு பார் கொண்ட பாட்டு வடிவம்) இதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. எஃப் ப்ளூஸ் என்றால் நான்காவது பார், ஐந்தாவதில் பி ஃப்ளாட் 7 வரப்போகிறது. அங்கே எஃப்7-ஐ ஆல்டர்ட் ஆக்கி டி ஃப்ளாட், ஏ, ஜி ஃப்ளாட், ஈ ஃப்ளாட் என்று இறங்கி டியில் விழுந்தால் ட்ரம்ஸ்காரரும் சேர்ந்து விழுவார், ஒரு வார்த்தை பேசாமல். ஆனால் முதல் மூன்று பாரில் உள்ள எஃப்7 எங்கேயும் போவதில்லை, அதுவே வீடு. அங்கே ஆல்டர்ட் ஸ்கேலைக் கொட்டுவது வீண். இதற்கு ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும்: ஷார்ப் நைன் மட்டும் நகராமலேயே நிற்கத் தெரிந்த ஸ்வரம். ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1967-ல் ஈ7 ஷார்ப் நைனை எங்கும் ரெசால்வ் செய்யாமல், அதாவது அடுத்த கார்டில் இறக்கி முடிக்காமல், வீடாகவே ஆக்கிக் காட்டினார், ஃபங்க் வாசிக்கும்போது நாங்களும் அப்படித்தான் வைத்துக்கொள்கிறோம்.

கிட்டார் தம்பி இப்போது அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டான். ஈ ஃப்ளாட், பி, ஏ ஃப்ளாட், எஃப் என்று வந்து, சி மேஜர் தொடங்கிய பிறகும் எஃப்பை விடாமல் இன்னும் ஓர் அடி இழுத்துப் பிடித்து, நாங்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்து காத்திருக்கும்போது ஈக்கு வருகிறான். நான் சொல்லிக்கொடுத்ததில்லை, தானாகவே கண்டுபிடித்தான். பெரிய சோலோ வாசிப்பாளர்களிடம் கேட்கிற விஷயம் இது, கார்ட் மாறிய பிறகும் டென்ஷனைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கடத்திக்கொண்டு போவது. தன் சோலோவில் எவ்வளவு வேண்டுமானாலும் செய்யட்டும், நான் கீழே தெளிவாக ஈ, ஜி, பி, டி பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். பாடகர் பாடிக்கொண்டிருக்கும்போது மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.