தோள் சின்னம்: டெக்கால் ஒட்டிய பிறகுதான் பாதி வேலை

மேசையில் இப்போது இருப்பது 1/16 அளவு ஃபிகர், அதாவது நிஜ ஆளில் பதினாறில் ஒரு பங்கு உயரமுள்ள சிப்பாய் பொம்மை. 1944 ஜூன், நார்மண்டி, அமெரிக்க 82-ஆவது ஏர்போர்ன் (வான்வழி இறங்கும் படை) டிவிஷனின் சார்ஜென்ட். முகம், பூட்ஸ், பெல்ட், பைகள் எல்லாம் பெயின்ட் செய்து முடித்தாயிற்று, இனி சின்னங்கள்தான். இடது தோளில் சிவப்புச் சதுரம், அதற்குள் நீல வட்டம், அதற்குள் வெள்ளையில் ‘ஏஏ’. இரண்டு கைகளிலும் மூன்று பட்டை. வலது கையில் அமெரிக்கக் கொடி.

தோள் சின்னம் இந்த அளவில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்தான். அந்த இரண்டு எழுத்தையும் தூரிகையால் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கை மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு, ஆனாலும் எழுத்துக்கு டெக்கால்தான் (தண்ணீரில் நனைத்துத் தாளிலிருந்து நகர்த்தி ஒட்டுகிற, மெல்லிய ஃபிலிமில் அச்சிட்ட படம்) சரி என்பது என் கருத்து. ஒன்று மட்டும்: ஒட்டியதோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தால் அது கடைசிவரை ஸ்டிக்கராகவே தெரியும்.

முதலில் தோள் பகுதிக்கு மட்டும் பளபளப்பான (கிளாஸ்) வார்னிஷ், மெல்லியதாக இரண்டு கோட். சீருடைக்கு அடிக்கிற மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட் கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாக இருக்கும். டெக்கால் ஃபிலிம் அந்த மேடுகள் மேல் நின்றுகொண்டு அடியில் காற்றைப் பிடித்துவைப்பதால்தான், காய்ந்ததும் ஓரமெல்லாம் வெள்ளி பூத்த மாதிரி மினுங்குகிறது. வழவழப்பான பரப்பில் அந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் வெட்டுவது. அச்சைச் சுற்றியுள்ள ஒளிபுகும் ஃபிலிமைப் புதுப் பிளேடால் நிறத்தை ஒட்டியே வெட்டிவிட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் தாள் மேலேயே ஒரு நிமிடம் விட்டால் பசை இளகித் தானாக நகரும். ஒட்டுமிடத்தில் மைக்ரோ செட் (டெக்கால் நன்றாக ஒட்ட உதவும் திரவம்) ஒரு சொட்டு, ஈரத் தூரிகையால் இடம் சரிசெய்து, பஞ்சு நுனியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை ஒற்றி எடுத்தேன். மேலே மைக்ரோ சால், டெக்கால் ஃபிலிமை இளக்குகிற திரவம். அது பட்டதும் டெக்கால் வற்றல் போலச் சுருங்கிக்கொண்டு மேலெழும், பார்க்கவே பயமாக இருக்கும், ஆனால் அப்போது விரலோ தூரிகையோ படவே கூடாது, காயக் காயத் தானே இறங்கித் துணி மடிப்போடு படிந்துவிடும். தோள் தையல் ஓரம் ஆழமாக இருந்ததால் அங்கே மட்டும் காய்ந்த பிறகு இன்னொரு முறை தடவினேன்.

இனிதான் எனக்குப் பிடித்த கட்டம். அச்சு நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது, சுற்றியுள்ள துணியிலோ நிழலும் வெளிச்சமும் இருக்கிறது. அதனால் சிவப்பின் கீழ்ப்பாதியில் தண்ணீராகக் கரைத்த அடர் சிவப்பு, மேல் ஓரத்தில் கொஞ்சம் ஆரஞ்சு கலந்த சிவப்பு. வெள்ளை எழுத்தில் மடிப்பு விழுகிற இடத்தில் மட்டும் லேசாகச் சாம்பல். சதுரத்தின் கீழ் விளிம்பில் கரும்பழுப்பில் மயிரிழைக் கோடு ஒன்று போட்டதும், தைத்த துணிக்கு உள்ள தடிமன் சட்டென்று வந்துவிட்டது. பட்டைகளுக்கும் இதேதான், கை மடிப்பின் நிழல் சட்டையிலிருந்து பட்டை வழியாக அறுபடாமல் ஓட வேண்டும். கடைசியில் மேட் வார்னிஷ் அடித்ததும் எது அச்சு, எது பெயின்ட் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் தெரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கொடி இன்னும் பாக்கி. அதை வாங்குவதற்கு முன் நட்சத்திரங்களைப் பாருங்கள்: 1944-இல் 48 நட்சத்திரம், வரிசைக்கு எட்டாக ஆறு வரிசை. 50 நட்சத்திரக் கொடி 1960-இல்தான் வந்தது. என்னிடம் இருப்பது சரியான கொடிதான், ஆனால் கையில் ஆழமான மடிப்பு ஒன்று அதன் நடுவே வருகிறது. சிவப்புக் கோடு ஒன்றின் ஓரமாக இரண்டாக வெட்டித் தனித்தனியாக ஒட்டப் போகிறேன். இணைப்பு அந்தக் கோட்டிலேயே மறைந்துவிடும், மிச்சம் தெரிந்தால் அதே சிவப்பால் தொட்டுவிடலாம்.