பிளஞ்சரை எடுக்கும் முன் கல்லியைப் பாருங்கள்

சமையலறை சிங்க்கில் தண்ணீர் தேங்கியதும் கை நேராக பிளஞ்சருக்குத்தான் போகும், அதாவது அடைப்பைக் குத்தி எடுக்கும் கைப்பிடி போட்ட ரப்பர் கிண்ணத்துக்கு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பக்கத்து வீடுகளில் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது: வெளியே போய் கல்லியைப் பார்ப்பது. சாட்ஸ்வொர்த் ஆனாலும் டொங்காட் ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் சிங்க்கின் கழிவுக் குழாய் சுவரைத் தாண்டி வந்து, சல்லடை போட்ட ஒரு சிறு தொட்டியில் முடியும். அதுதான் கல்லி. அதன் அடி வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று சாக்கடை நாற்றத்தை மறிக்கும். அதற்கு அப்பால் மண்ணுக்கடியில் ஓடுவது 110 மி.மீ. பிவிசி குழாய், பழைய வீடென்றால் சுட்ட மண் குழாயாகவும் இருக்கலாம்.

உள்ளே சிங்க் நிரம்பி நிற்கிறது, வெளியே கல்லியில் ஒரு சலனமும் இல்லை என்றால் அடைப்பு இரண்டுக்கும் நடுவில், ஒன்றிரண்டு மீட்டருக்குள் இருக்கிறது. பிளஞ்சருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. மறுமுனை திறந்து கிடப்பதால் தள்ளியது வெளியே வந்து விழும். கல்லியே வழிந்தால் கதை வேறு. முதலில் கையுறை போட்டு, சல்லடையைத் தூக்கி, மிதக்கும் கொழுப்புக் கட்டியை அள்ளிப் போடுங்கள். பல நேரம் அதோடு சரியாகிவிடும். அள்ளிய பிறகும் தண்ணீர் இறங்காமல், கழிப்பறையில் ஃபிளஷ் செய்தால் கல்லியில் மட்டம் ஏறுகிறதா? அடைப்பு பெரிய குழாயில். இன்ஸ்பெக்ஷன் கண்ணை, அதாவது பெரிய குழாயில் இருக்கும் சோதனை மூடியைத் திறந்து கம்பி விடுபவரைக் கூப்பிடுங்கள். சிங்க்கில் எத்தனை குத்துக் குத்தினாலும் வீண்.

சிங்க்குக்கு வேண்டியது அடி தட்டையான, கிண்ணம் போன்ற சாதாரண ரப்பர் பிளஞ்சர். கீழே கழுத்துப் போல் ஒரு வளையம் நீட்டிக்கொண்டிருப்பது கழிப்பறைக்கானது. அந்தக் கழுத்து சிங்க்கில் சரியாக உட்காராது. உட்கார்ந்தாலும் கழிப்பறையில் புழங்கியதைப் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

பிளஞ்சர் வேலை செய்யாததற்குக் காரணம் பெரும்பாலும் பலக்குறைவு அல்ல, காற்று. தண்ணீரை அழுத்தினால் அது சுருங்காது. கொடுத்த விசை அப்படியே அடைப்பில் போய் இடிக்கும். காற்றோ பஞ்சு மாதிரி சுருங்கி விசையை விழுங்கிவிடும். அதனால் கிண்ணத்தின் விளிம்பு முழுகி, அதற்கு மேலும் இரண்டு விரல்கடை தண்ணீர் நிற்க வேண்டும். வற்றியிருந்தால் ஊற்றுங்கள். குழாயில் தண்ணீர் வராத நாளென்றால் துணி அலசிய தண்ணீரே போதும். அடுத்து, காற்று தப்பும் வழிகளை மூட வேண்டும். இரட்டை சிங்க் என்றால் அடுத்த துவாரத்தில் ஈரத்துணியைத் திணித்து இன்னொருவரை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். கைகழுவும் பேசினிலும் குளியல் தொட்டியிலும் மேலே இருக்கும் வழிவுத் துளையை ஈரத்துணியால் அடையுங்கள். இதை விட்டுவிட்டு அரை மணி நேரம் குத்துகிறவர்கள்தான் அதிகம். வாஷிங் மெஷின் குழாய் சிங்க்கின் அடியில் சேர்ந்திருந்தால் அதை மடித்துக் கிளிப் போடுங்கள். இல்லாவிட்டால் அழுக்குத் தண்ணீர் மெஷினுக்குள் போகும்.

பிளஞ்சரைச் சாய்வாக இறக்கினால் கிண்ணத்துக்குள் இருக்கும் காற்று குமிழியாக வெளியேறும். அப்புறம் நிமிர்த்தித் துவாரத்தின் மேல் வையுங்கள். விளிம்பில் வாசலின் தடவினால் பிடிப்பு கூடும். முதல் அழுத்து மெதுவாக. எடுத்ததும் ஓங்கி அழுத்தினால் முகத்தில் தெறிக்கும். பிறகு பிடிப்பு விடாமல் மேலும் கீழுமாக 15, 20 தடவை. இழுப்பதிலும் அழுத்துவதில் பாதியாவது பலம் இருக்க வேண்டும், அடைப்பு முன்னும் பின்னும் ஆடித்தான் உடையும். கடைசி இழுப்பில் வெடுக்கென்று எடுங்கள். நான்கைந்து சுற்றுக்குப் பிறகும் தண்ணீர் அசையவில்லையென்றால் நிறுத்திவிடலாம்.

அடுத்தது டிராப், சிங்க்கின் அடியில் இருக்கும் வளைவு. கீழே வாளி வைத்து இரண்டு நட்டையும் கையால் கழற்றுங்கள். ரப்பர் வாஷரின் சரிவான பக்கம் எங்கே பார்த்திருந்தது என்று கழற்றும்போதே கவனியுங்கள். மாற்றிப் போட்டால் ஒழுகும். திரும்பக் கை இறுக்கமே போதும், ஸ்பேனர் வைத்தால் பிளாஸ்டிக் மரை கெட்டுவிடும். பூட்டியதும் சிங்க்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, மூட்டுகளைச் சுற்றி உலர்ந்த டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். டிராப் கழன்று கிடக்கும்போதே வாளித் தண்ணீரை அதே சிங்க்கில் ஊற்றுவது எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற கோமாளித்தனம்.

காஸ்டிக் சோடா போட்ட பிறகு பிளஞ்சரைத் தொடவே வேண்டாம். தெறிக்கிற துளி தோலையும் கண்ணையும் வேகவைத்துவிடும். கொழுப்போடு சேர்ந்து சோப்பாக இறுகி, குழாயிலேயே கல்லாக உட்காரவும் செய்யும். ஜிக் என்கிற பிளீச்சோடு ஸ்பிரிட்ஸ் ஆஃப் சால்ட் (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் மூடிய சமையலறையில் அது ஆபத்து. கொதிநீரும் பிவிசிக்கு ஆகாது, மூட்டுகள் தளரும். கை பொறுக்கிற சூட்டில் பாத்திர சோப்புக் கலந்து ஊற்றினால் கொழுப்பு இளகும்.

அடைப்பு அடிக்கடி ஜூன், ஜூலையில் வருவதற்குக் காரணம் இங்கே அப்போது அடிக்கும் குளிர்தான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். ஆட்டுக்கொழுப்பு 40 டிகிரியில்கூடக் கட்டிதான். பிரியாணிச் சட்டியைக் கழுவும்முன் பழைய செய்தித்தாளால் துடையுங்கள். தீபாவளி எண்ணெயை ஆறவைத்துப் பால் பாக்கெட்டில் கட்டிக் குப்பையில் போடுங்கள். ஆடிக் கூழ் மீந்தால் அதுவும் சிங்க்குக்கு வேண்டாம். மாவு குழாய்ச் சுவரில் ஒட்டும், அதன் மேல் எண்ணெய் ஏறும்.

சமையலறையை நீட்டிக் கட்டும்போது சிலர் கல்லியைச் சிமென்ட் பூசி மூடிவிடுகிறார்கள், நாற்றமாம். பெரிய குழாய் அடைத்துக்கொண்டால் சாக்கடை வீட்டுக்கு வெளியே வழிவதற்காகத்தான் கல்லியை உள்ளே இருக்கும் துவாரங்களைவிடத் தாழ்வாக வைக்கிறார்கள். மூடிவிட்டால் அது அடுத்துத் தாழ்வான துவாரத்தைத் தேடும்: பெரும்பாலும் ஷவர் தரை.